போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற ஷரத்து: எதைக் காட்டி நியாயப்படுத்துவது?

அம்பத்தூர் டூல்ரூம் எழுதியது:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன டூல்ரூம் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் ஸ்டீல் அச்சு, அதாவது மோல்டு செய்கிறோம். கார் கம்பெனிகளுக்குப் பாகம் சப்ளை செய்பவர்கள்தான் பெரும்பாலும் கஸ்டமர். அப்பா தொடங்கியது. என்னையும் சேர்த்து 16 பேர்.

தீபாவளி போனஸ் வாங்கிய அடுத்த வாரம் எங்கள் டிசைனர் வேலையை விட்டுவிட்டார். பாலிடெக்னிக் முடித்த கையோடு எங்களிடம் வந்தவர், 6 வருஷம் இருந்தார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு டூல்ரூமில் சேர்ந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து, எங்களுக்கு வரவேண்டிய ஒரு ஆர்டர் அங்கே போய்விட்டது. ஏன் என்று கேட்டு போன் செய்தேன். "அவங்களுக்கு முதல் ட்ரையல்லயே சரியா வந்துடுச்சு சார்" என்றார் கஸ்டமரின் பர்ச்சேஸ் ஆள். அதே மாதிரி பாகத்துக்கு நாங்கள் நாலு ட்ரையல் (மோல்டில் பாகம் எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்தோம். நாலு முறை ஸ்டீலைத் திருத்திய செலவு என் கையிலிருந்து போனது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதம் புதிய டிசைனர் ஒருவர் சேர்கிறார். நண்பர் ஒருவர் மாதிரி ஒப்பந்தம் கொடுத்தார். வேலையை விட்ட பிறகு 2 வருஷத்துக்கு, 50 கிலோமீட்டருக்குள் எந்த மோல்டு கம்பெனியிலும் சேரக் கூடாது என்று அதில் இருக்கிறது. நியாயமான கட்டுப்பாடாக இருந்தால் கோர்ட் ஒத்துக்கொள்ளும் என்கிறார்கள். என் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை எழுத்தில் எப்படிக் காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெருங்குடி டெஸ்டர் எழுதியது:

சார், உங்கள் வலி புரிகிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் நின்றவன் நான். அதையும் கேளுங்கள்.

காலேஜ் முடித்ததும் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். 100 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 2 வருஷத்துக்குள் போனால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும், போன பிறகு ஒரு வருஷத்துக்குப் போட்டிக் கம்பெனி எதிலும் சேரக் கூடாது. ஒரிஜினல் மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரு பிரவுன் கவரில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். ட்ரெயினிங் என்று நடந்தது 11 நாள். அதில் 4 நாள் ப்ராஜெக்டர் வேலை செய்யாமல் நாங்களே யூடியூப் பார்த்துப் படித்தோம்.

ஒரு வருஷம் கழித்து வேறு வேலை கிடைத்தது. அந்தக் கவரைத் திருப்பி வாங்க என் அம்மா திருவண்ணாமலையில் இருந்து நகையை அடகு வைத்துப் பணத்தோடு பஸ் ஏறி வந்தார். ரிசெப்ஷன் சோபாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 2 வருஷம், 50 கிலோமீட்டர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த சோபாதான் கண்ணில் வந்தது. அம்பத்தூரில் வீடு இருப்பவன் 50 கிலோமீட்டர் தாண்டி எங்கே போய் மோல்டு டிசைன் செய்வான்? ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும்கூட அந்த வட்டத்துக்குள்தானே வருகின்றன?

பாரிமுனை வக்கீல் எழுதியது:

அம்பத்தூர் சார், உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில், நண்பர் கொடுத்த அந்த ஷரத்து செல்லாது. எவ்வளவு நியாயமாக எழுதினாலும் செல்லாது. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான், உங்களிடம் பாதுகாக்கத் தகுந்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27. சட்டப்படியான ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ செய்ய விடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடை அளவுக்குச் செல்லாது. அவ்வளவுதான் அந்தப் பிரிவு. "நியாயமான தடை என்றால் செல்லும்" என்று அதில் எங்கும் இல்லை. உள்ள விதிவிலக்கு ஒன்று: கடையை நற்பெயரோடு விற்றவர், வாங்கியவருக்குப் போட்டியாக அதே பகுதியில் கடை போடக் கூடாது என்று ஒப்புக்கொள்ளலாம். சட்டம் வந்த இரண்டாவது வருஷமே, 1874ல், கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு இரண்டு கடைக்காரர்களின் வழக்கு வந்தது. கடையை மூடினால் பணம் தருகிறேன் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் மூடிவிட்டார். பணம் வரவில்லை. வழக்குப் போட்டார், தோற்றார். முழுத் தடை, பகுதித் தடை என்ற வித்தியாசமே இந்தப் பிரிவில் கிடையாது என்றது நீதிமன்றம்.

"நியாயமாக இருந்தால் ஒத்துக்கொள்ளும்" என்று உங்களிடம் சொன்னவர்கள் சொல்வது இங்கிலாந்துச் சட்டம். இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தம் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்ததுதான்.

நம் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டிருக்கிறது. வேலையில் இருக்கும் காலம் வேறு, வேலை முடிந்த காலம் வேறு. 1967ல் கோலிகரி வழக்கு. செஞ்சுரி மில் வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருந்து டயர் கார்டு நூல் செய்யும் தொழில்நுட்பத்தை வாங்கி, கோலிகரி என்ற ஷிஃப்ட் சூப்பர்வைசரை 5 வருஷ ஒப்பந்தத்தில் எடுத்துப் பயிற்சி கொடுத்தது. அவர் பாதியிலேயே கோட்டாவில் இருந்த போட்டி ஆலைக்குப் போய்விட்டார். அந்த 5 வருஷம் முடியும்வரை அவர் அங்கே வேலை செய்யக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. தடை ஒப்பந்தக் காலத்துக்குள் நின்றது என்பதுதான் காரணம். 2006ல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடை செல்லாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

பெருங்குடி தம்பிக்கு ஒன்று. அந்தக் கவரை வாங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. மார்க் ஷீட் அடகுப் பொருள் கிடையாது. அம்மாவை அப்படி உட்கார வைத்தது தப்பு.

பட்டறைப்பெரும்புதூர் மாணவி எழுதியது:

சட்டக் கல்லூரி நாலாம் வருஷம் படிக்கிறேன். வக்கீல் சார் சொன்னது சரிதான், ஆனால் ஒரு மாற்றுக் கருத்து.

பிரிவு 27 இவ்வளவு கறாராக இருப்பதே குறை என்பது பழைய வாதம். 1958லேயே சட்ட ஆணையம் தன் 13ஆவது அறிக்கையில், நியாயமான கட்டுப்பாட்டை அனுமதிக்கும்படி இந்தப் பிரிவைத் திருத்தலாம் என்று பரிந்துரைத்தது. நடக்கவில்லை. இங்கிலாந்தில் 1894 நோர்டன்ஃபெல்ட் வழக்கில் இருந்தே ஒரு அளவுகோல் இருக்கிறது: இரு தரப்புக்கும் நியாயமா, பொதுநலனுக்குப் பாதகமா என்று நீதிபதி எடை போடுவார். பெரிய கம்பெனியில் வியூகம் வகுக்கும் உயர் அதிகாரிக்கும், மாதம் 25,000 வாங்கும் டெஸ்டருக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்? எடை போடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்தால் அம்பத்தூர் சார் மாதிரி சின்ன முதலாளிகளும் பிழைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பாரிமுனை வக்கீல் எழுதியது:

நல்ல வாதம் அம்மா, மூட் கோர்ட்டில் (கல்லூரி மாதிரி நீதிமன்றத்தில்) கட்டாயம் எடுத்து வையுங்கள். எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் சொல்கிறேன்.

"நியாயமா இல்லையா" என்று யார் எப்போது எடை போடுவார்கள்? வழக்கு முடியும்போது நீதிபதி போடுவார். அதுவரை வேலையை விட்ட பையன் வேலையில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். புதிய கம்பெனி ஒரு வக்கீல் நோட்டீஸைப் பார்த்தாலே "அதை முடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடும். ஒரு வருஷத் தடை சரியா தவறா என்று தீர்ப்பு வருவதற்குள் அந்த ஒரு வருஷமே போயிருக்கும். செல்லாது என்று சட்டம் ஒரே வரியில் சொல்வது இந்தப் பையனுக்குத்தான் பெரிய பாதுகாப்பு.

அப்புறம், இந்தப் பிரிவு நியூயார்க்கில் டேவிட் டட்லி ஃபீல்ட் எழுதிய வரைவுச் சட்டத்தில் இருந்து வந்தது. அதே வரைவை எடுத்துக்கொண்ட இன்னொரு இடம் கலிஃபோர்னியா, அதுவும் அதே 1872ல். இன்றுவரை அங்கேயும் இந்த மாதிரி ஷரத்து செல்லாது. சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

ஆனால் இங்கிலாந்து வழக்கு ஒன்றை அம்பத்தூர் சார் தெரிந்துகொள்ள வேண்டும். 1916, ஹெர்பர்ட் மாரிஸ் எதிர் சாக்ஸெல்பி. கப்பி, ஓவர்ஹெட் கிரேன் செய்யும் கம்பெனி. சாக்ஸெல்பி சின்ன வயதிலேயே அங்கே சேர்ந்து, வரைபடம் போடக் கற்று, இன்ஜினியராக உயர்ந்தவர். வேலையை விட்ட பிறகு 7 வருஷத்துக்கு அந்தத் தொழிலில் இருக்கக் கூடாது என்று ஷரத்து. "நியாயமா" என்று எடை போடும் அந்த நாட்டிலேயே அது நிற்கவில்லை. முதலாளி தன் ரகசியத்தையும் கஸ்டமர் தொடர்பையும் பாதுகாக்கலாம், வேலைக்காரர் கையிலும் மூளையிலும் ஊறிய திறமை அவருடையது, போட்டி வருகிறது என்பதற்காக மட்டும் அதைத் தடுக்க முடியாது என்றார்கள்.

ஆகவே எந்த நாட்டுச் சட்டமானாலும் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். அந்த டிசைனர் போனபோது உங்களுடையது என்று எது போனது?

கிண்டி மனிதவளம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 9 வருஷமாக எச்ஆரில் இருக்கிறேன். ஆஃபர் லெட்டரோடு, போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற அந்த நான்-கம்பீட் பக்கத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலையாக இருந்தது. சேருகிற அன்றைக்குப் பதினான்கு பக்கம் கொடுப்போம். யாருமே படிப்பதில்லை. படித்துவிட்டுக் கேள்வி கேட்ட ஒரு பெண்ணிடம் "ஸ்டாண்டர்டு ஃபார்மட்தான்மா" என்று சொன்னேன். செல்லாது என்று எங்கள் லீகல் டீமுக்கே தெரியும். "இருக்கட்டும், பயத்துக்கு" என்பார்கள்.

அந்தப் பயம் யாரை நிறுத்துகிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வக்கீலைத் தெரிந்த சீனியர் மேனேஜர் ஒரு நாளும் நிற்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறவரும் முதல் தலைமுறைப் பட்டதாரியும் நின்றார்கள், வேறு இடத்தில் அதிகச் சம்பளம் கிடைத்தும். இப்போது இருக்கும் கம்பெனியில் அந்தப் பக்கத்தையே எடுக்கச் சொல்லி ஒரு வருஷம் போராடினேன். ஜூனியர்களுக்கு மட்டும் எடுத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கும் எடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அம்பத்தூர் டூல்ரூம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெருங்குடி தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ஒரிஜினல் எதையும் நாங்கள் வாங்கி வைத்ததில்லை, இனியும் வாங்க மாட்டோம்.

வக்கீல் சார் கேட்ட கேள்வியை இரண்டு நாளாக யோசித்தேன். பதில் என் பட்டறையிலேயே இருந்தது.

எங்களிடம் ஒரு ட்ரையல் நோட்டு உண்டு. அப்பா காலத்தில் இருந்து வருவது, இப்போது ஏழாவது நோட்டு. ஒவ்வொரு மோல்டையும் மெஷினில் ஏற்றிப் பாகம் எடுத்துப் பார்க்கும்போது என்ன கோளாறு வந்தது, எதைத் திருத்தினோம் என்று கையால் எழுதி வைப்போம். கண்ணாடி இழை கலந்த நைலான் சூடு ஆறும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. பொருள் ஓடும் திசையில் ஒரு சுருக்கம், குறுக்கே வேறு சுருக்கம், அதனால் பாகம் வளையும். எந்த வடிவத்துக்குப் பொருள் நுழையும் வாயை எங்கே வைத்தால் எவ்வளவு வளைந்தது, ஸ்டீலில் எத்தனை மைக்ரான் விட்டுத் திருத்தினோம் என்பது அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. புத்தகத்தில் கிடைப்பது பொதுவான கணக்கு. இது நாங்கள் ஸ்டீலை வெட்டிப் பணம் தொலைத்துக் கற்றது.

போன ஞாயிறு ஆறாவது நோட்டை எடுத்துப் புரட்டினேன். அந்தப் பாகத்தின் பக்கம் நாலும் இருக்கின்றன. நாலாவது ட்ரையல் பக்கத்தில் இருக்கும் கையெழுத்து அந்த டிசைனருடையது. அவர் நோட்டைப் படம் பிடித்துக்கொண்டு போனாரா, நினைவில் வைத்துக்கொண்டு போனாரா என்று எனக்குத் தெரியாது. நோட்டு எப்போதும் மெஷின் பக்கத்து ஜன்னல் மேடையில் திறந்தே கிடக்கும். கூரியர் கொடுக்க வந்தவர்கூடப் பார்க்கலாம். இது ரகசியம் என்று நானோ அப்பாவோ யாரிடமும் சொன்னதே இல்லை.

திருமுடிவாக்கம் பிரஸ் டூல் எழுதியது:

சார், நானும் உங்கள் மாதிரித் தொழில்தான், திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில். உங்கள் கடைசி வரிகளைப் படித்ததும் என் பட்டறைதான் ஞாபகம் வந்தது.

நான் செய்தது இது. உலோகத்தைக் கம்பியால் வெட்டும் வயர்கட் மெஷின் புதிதாக வாங்கியபோது ஒரு ஆளை வெளியூருக்கு 3 வாரம் பயிற்சிக்கு அனுப்பினேன். ரயில், லாட்ஜ், ஃபீஸ் எல்லாம் சேர்த்து 84,000 ஆனது. எல்லா ரசீதையும் ஒரு ஃபைலில் வைத்தேன். 2 வருஷத்துக்குள் போனால் அந்தத் தொகையில் மீதி மாதத்துக்கான பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். மாதம் ஆக ஆகத் தொகை குறையும். எங்கே வேலைக்குப் போகலாம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. 14 மாதத்தில் அவர் போனார். மீதி 10 மாதத்துக்கு 35,000. புதிய கம்பெனிக்காரரே கொடுத்து அனுப்பினார். வேலையை விட்டுப் போனவரின் மகள் காதுகுத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது.

பாரிமுனை வக்கீல் எழுதியது:

திருமுடிவாக்கம் சார் வக்கீல் இல்லாமலே சரியாகச் செய்திருக்கிறார். 2011ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சிக்பா இந்தியா வழக்கு. 3 வருஷம் வேலையில் இருப்பேன் என்ற பாண்டு, மீறினால் 2 லட்சம். ஊழியர் 2 வருஷம் இருந்துவிட்டுப் போனார். பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவு 67,596. நீதிமன்றம் 2 லட்சத்தைத் தரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்துவிட்டார், மீதி ஒரு பங்கு 22,532 என்று கணக்குப் போட்டது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74ன்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

2025 மே மாதம், விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 3 வருஷத்துக்கு 2 லட்சம் என்ற பாண்டை அப்படியே ஏற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதி உண்மை ஆகிவிடும். ஆனால் அங்கே இருந்தவர் சீனியர் மேனேஜர், அவர் சம்பளத்துக்கு அந்தத் தொகை அதிகமில்லை என்று பார்த்தார்கள். பொதுத்துறை வங்கி மறுபடி விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தித்தான் அந்த இடத்தை நிரப்ப முடியும் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். அதைக் காட்டி 11 நாள் ட்ரெயினிங்குக்கு ஒன்றரை லட்சம் கேட்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது அம்பத்தூர் சாரின் நோட்டு. நீங்கள் தேடிய நியாயம் அதுதான். 50 கிலோமீட்டரை விடுங்கள், நோட்டைப் பிடியுங்கள். இந்தியாவில் வணிக ரகசியத்துக்குத் தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் 289ஆவது அறிக்கையில் ஒரு வரைவு கொடுத்திருக்கிறது. ஆனால் நம்பிக்கையின் பேரில் கொடுத்த ரகசியத்தை மீறக் கூடாது என்ற கடமையை நீதிமன்றங்கள் இன்றும் அமல்படுத்துகின்றன, அது வேலை முடிந்த பிறகும் நீடிக்கும். வேலையின்போது உங்களுக்காக வரைந்த டிராயிங்கின் பதிப்புரிமையும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, உங்களுடையதுதான். பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17 அப்படிச் சொல்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. ரகசியம் என்று நீங்களே அதை நடத்தியிருக்க வேண்டும். ஜன்னல் மேடையில் கிடந்த நோட்டை ரகசியம் என்று நீதிபதியிடம் சொன்னால் அவர் முதலில் ஜன்னலைப் பற்றித்தான் கேட்பார். அதனால் போனவர் மேல் வழக்கு வேண்டாம். நோட்டுக்குப் பூட்டு போடுங்கள், யார் எப்போது எடுத்தார்கள் என்று ஒரு ரிஜிஸ்டர் வையுங்கள், சேருகிற அன்றே நேரில் சொல்லுங்கள்.

பெருங்குடி டெஸ்டர் எழுதியது:

அந்த நாலாவது ட்ரையலைச் சரியாக்கியவரே அந்த டிசைனர்தான் என்றால், அது தலைக்குள்ளேயும் இருக்குமே சார்? அதை எப்படிப் பூட்டுவது?

பாரிமுனை வக்கீல் எழுதியது:

பூட்ட முடியாது தம்பி. பூட்டவும் கூடாது. நைலான் வளையும், வாயை மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற அறிவு இனி அவருடையது. சாக்ஸெல்பி வழக்கு சொன்னது அதைத்தான். இத்தனை மைக்ரான், இந்தப் பாகம், இந்தக் கஸ்டமர் என்ற பக்கம் கம்பெனியுடையது. நடுவில் தெளிவில்லாத ஒரு இடம் உண்டு. அங்கே சந்தேகத்தின் பலன் வேலை செய்தவருக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

அம்பத்தூர் டூல்ரூம் எழுதியது:

பழைய ஷரத்தைக் கிழித்துவிட்டேன். இன்று ராத்திரி நானே தமிழில் எழுதியது இது. வக்கீல் சார் பார்த்துச் சொல்லுங்கள்:

"வேலையை விட்ட பிறகு நீங்கள் எந்தக் கம்பெனியிலும் சேரலாம், சொந்தத் தொழிலும் தொடங்கலாம். ஆனால் இங்கே இருந்தபோது அறிந்துகொண்ட எதையும் வேறு யாருக்கும் கொடுக்கவோ, வேறு இடத்தில் பயன்படுத்தவோ கூடாது. டிராயிங், நோட்டுப் பக்கங்கள், அவற்றின் படங்கள் எதுவும் உங்களிடம் இருந்தால் கடைசி நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்."

நோட்டை நேற்றே பீரோவில் வைத்துவிட்டேன். சாவி என்னிடமும் ஃபோர்மேனிடமும்.

பாரிமுனை வக்கீல் எழுதியது:

முதல் வாக்கியமும் மூன்றாவதும் அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் "அறிந்துகொண்ட எதையும்" என்பதை அடித்துவிடுங்கள். ஆறு வருஷம் ஒருவர் உங்களிடம் கற்ற அத்தனையும் அந்த இரண்டு வார்த்தைக்குள் வந்துவிடுகிறது. "ட்ரையல் நோட்டிலும் கம்பெனி டிராயிங்குகளிலும் எழுதியுள்ள அளவுகளையும் திருத்தங்களையும்" என்று போடுங்கள்.

அம்பத்தூர் டூல்ரூம் எழுதியது:

மாற்றிவிட்டேன் சார். திங்கட்கிழமை புதிய டிசைனர் பையன் அவன் அப்பாவோடு வருகிறான். கையெழுத்து வாங்கும் முன்னால் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறேன்.